இங்கிலாந்தில கார்டனிங் தொழிலுக்கு எந்த ரோலர் மோவர் (புல்லு வெட்டிற மெஷின்) வாங்கலாம்?

"ஹரோ பக்கம் புதுசா கார்டனிங் ரவுண்ட் தொடங்கிறன், கிழமைக்கு இருபது வீடு மட்டில வரும், பின்னுக்கு ரோலர் வைச்ச பெற்றோல் மோவர் எது வாங்கினா இடையில கைவிடாது" எண்டு கேட்டிருக்கிறீங்கள் தம்பி. நானும் பதினொரு வருசமா வடமேற்கு லண்டனில இதே வேலைதான் செய்யிறன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல்ல மெஷினைப் பாக்காதேங்கோ, அதைத் திருத்திற கடை உங்கட வீட்டில இருந்து அரை மணித்தியாலத்துக்குள்ள இருக்கோ எண்டு பாருங்கோ. மே மாசம் புல்லு மளமளவெண்டு வளர்ற நேரத்தில கிளட்ச் கேபிள் ஒண்டு அறுந்து, சாமான் வர பத்து நாள் செல்லும் எண்டு சொன்னாங்கள் எண்டால் அந்தப் பத்து நாளும் வருமானம் இல்லை, வீட்டுக்காரரும் வேற ஆளைப் பிடிச்சிடுவினம்.

கோடு விழுறதுக்குத்தான் ரோலர் எண்டு எல்லாரும் நினைக்கினம். அது சரிதான், ரோலர் புல்லைச் சாய்ச்சு விடும், எங்களை விட்டு அங்கால சாஞ்சது வெளிறலாயும் எங்கட பக்கம் சாஞ்சது கடும் பச்சையாயும் தெரியும், இங்கத்தைச் சனத்துக்கு அது நல்ல விருப்பம். ஆனா வேலைக்காரருக்கு அதைவிட முக்கியம் ஓரம் வெட்டுறது. பின் சில்லு இல்லாதபடியா பூப்பாத்தி விளிம்பில கொண்டுபோனாலும் மெஷின் சரிஞ்சு விழுந்து புல்லைச் சுரண்டாது.

இனி நான் பட்ட பாடு. முதல் வருசம் விலை குறைவெண்டு வீட்டுப் பாவனைக்குச் செய்த மெஷின் ஒண்டு வாங்கினன், பேர் வேண்டாம். ஒரு தோட்டத்தில பிள்ளையள் கூடாரம் அடிச்சிட்டுப் பிடுங்காம விட்ட இரும்பு முளை புல்லுக்குள்ள கிடந்திருக்கு, எனக்குத் தெரியாது, பிளேட் போய் அதில அடிச்சு கிராங்ஷாஃப்ட், அதாவது பிளேட்டைச் சுத்திற இன்ஜின் தண்டு, வளைஞ்சிட்டுது. திருத்திற காசுக்குப் புதுசு வாங்கலாம் எண்டிட்டார் கடைக்காரர், தொழிலுக்குப் பாவிச்சபடியா வாரண்டியும் இல்லை எண்டிட்டினம். அதுக்குப் பிறகுதான் ஃப்ரிக்‌ஷன் டிஸ்க் எண்டு ஒரு சாமான் இருக்கிறதே எனக்குத் தெரியும். பிளேட் கல்லிலயோ வேரிலயோ அடிபட்டா அந்த டிஸ்க் வழுக்கிக் குடுக்கும், அடி முழுக்க இன்ஜினுக்குப் போகாது. டிஸ்க் தேய்ஞ்சா மாத்திறது சின்னச் செலவு, இன்ஜின் போனா மெஷினே போச்சு. அதால அது இல்லாத மெஷினைத் தொழிலுக்கு வாங்காதேங்கோ, தொழில் பாவனைக்கு எவ்வளவு காலம் வாரண்டி எண்டதையும் எழுத்தில கேளுங்கோ.

அடுத்தது பிளேட் பிரேக் கிளட்ச். இது இருந்தா இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க பிளேட்டை மட்டும் நிப்பாட்டிப்போட்டு பையைக் கழட்டிக் கொட்டலாம். ஒரு வீட்டில அஞ்சு தரம் கொட்டினா இருபது வீட்டுக்கு நூறு தரம், இது இல்லையெண்டால் நூறு தரமும் கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணோணும், தோள்மூட்டு என்னத்துக்கு ஆகும் சொல்லுங்கோ.

இன்ஜின்ல பேரை மட்டும் பாக்காம மொடல் எழுத்தையும் பாருங்கோ. ஹோண்டாவில ஜிசிவி160 எண்டது வீட்டுப் பாவனைக்கு, ஜிஎக்ஸ்வி160 எண்டது தொழிலுக்கு, வார்ப்பிரும்பு ஸ்லீவ் போட்ட சிலிண்டர். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆயுசு எங்கயோ. கவாசாகி எஃப்ஜே180 உம் நல்ல உழைப்பு.

என்னட்டை இப்ப இருக்கிறது ஹேட்டர் ஹாரியர் 48 ப்ரோ, உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவன். 1946 இல ஹார்ட்ஃபோர்ட்ஷயரில தொடங்கின கொம்பனி, 2005 இல அமெரிக்கன் கொம்பனி டோரோ வாங்கிட்டுது, எண்டாலும் திருத்திறவைக்கு நல்லாப் பழகின மெஷின், பழைய மொடல்களுக்கும் சாமான் எடுக்கலாம். புதுசு ஆயிரம் பவுணுக்கு மேல போகும். 48 எண்டது வெட்டிற அகலம், சென்றிமீற்றரில; 56 சென்றிமீற்றர் எடுத்தா கெதியா முடியுமெண்டு ஆசை வரும், ஆனா லண்டன் வீடுகளின்ர பக்கத்து கேட் ஒடுக்கம், திருப்பிறதும் கஷ்டம், வான் வண்டியில தனிய ஏத்தி இறக்கிறதும் நீங்கள்தானே, 48 காணும்.

ஒண்டு மறைக்கேலாது, நனைஞ்ச நீட்டுப் புல்லிலயும் சரிவிலயும் ரோலர் மெஷின் சரிவராது, அதுக்கு நாலு சில்லு மெஷின் ஒண்டு பழசாவது வைச்சிருங்கோ.

பெற்றோல் அடிக்கேக்க கவனம். 2021 செப்டம்பரில இருந்து இங்க சாதாரண பெற்றோல் இ10, பத்து வீதம் வரை எத்தனோல் கலந்தது, அந்த எத்தனோல் தண்ணியை இழுக்கும், குளிர்காலம் முழுக்க டாங்கில விட்டா கார்பரேட்டர் அடைபடும். நான் எத்தனோல் குறைஞ்ச இ5 சூப்பர் தான் அடிக்கிறன், நவம்பரில டாங்கை வெறுமையாக்கிப்போட்டுத்தான் மூடி வைக்கிறன்.

காசு காணாம செகண்ட்ஹேண்ட் பாக்கிறதெண்டால் விக்கிறவருக்கு முன்னாலயே பிளக் வயரைக் கழட்டிப்போட்டு, ஏர் ஃபில்டர் மேல் பக்கம் வாற மாதிரிச் சரிச்சு வைச்சு, பிளேட் போல்ட் நேரா நிக்குதோ எண்டு பாருங்கோ, இல்லையெண்டால் கிராங்ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, பிறகு ரோலரைக் கையால சுத்துங்கோ, கரகரவெண்டு சத்தம் வந்தாலோ பக்கவாட்டில ஆடினாலோ பெயரிங் போயிட்டுது, அந்தக் காசைக் குறைச்சுக் கேளுங்கோ.