வேலை வழிகாட்டி: 55,000 பெரிதா, 45,000 பெரிதா?

கேள்வி: என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4 தாதியர் உதவியாளர் பயிற்சி முடித்திருக்கிறேன். வவுனியாவில் ஒரு தனியார் வைத்தியசாலை மாதம் 55,000 ரூபா தருவதாகச் சொல்கிறது. கிளிநொச்சியில் இன்னொன்று 45,000. வீட்டில் எல்லாரும் வவுனியாவுக்கே போகச் சொல்கிறார்கள்.
- வாசகி, துணுக்காய்

பதில்: அவசரப்பட்டு ஓம் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, ஒரு நாளுக்கு எத்தனை மணித்தியாலக் கடமை என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

வவுனியாவில் அடிப்படை 30,000, கொடுப்பனவு 25,000, மாதம் 26 நாள் 12 மணித்தியாலக் கடமை என்று வையுங்கள். 312 மணித்தியாலம் வருகிறது. மணிக்கு ஏறத்தாழ 176 ரூபா. கிளிநொச்சியில் அடிப்படை 40,000, கொடுப்பனவு 5,000, 8 மணித்தியாலக் கடமை என்றால் 208 மணித்தியாலம். மணிக்கு 216 ரூபா. பெரிய சம்பளம் எது என்று இப்போது பாருங்கள். அந்த 30,000கூட 2026 ஜனவரியிலிருந்து சட்டம் சொல்லும் ஆகக்குறைந்த தொகைதான்.

கொடுப்பனவை ஊதிக்காட்டுவதற்குக் காரணம் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.). உங்களிடம் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 வீதமும் கட்ட வேண்டும். அடிப்படைக்கு மட்டும் கட்டினால் 30,000க்கு அவர் பங்கு 4,500, 40,000க்கு 6,000. மாதம் 1,500 ரூபா உங்கள் கணக்குக்கு வராமல் போகிறது. உண்மையில் வாழ்க்கைச்செலவுக் கொடுப்பனவுக்கும் கட்டத்தான் வேண்டும். கட்டாவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

அடுத்தது பயணம். பின்னேரக் கடமை இரவு 7 மணிக்கு முடிந்தால் ஏ-9 வீதியில் மாங்குளம் சந்தி வரை பஸ் கிடைக்கும். அங்கிருந்து மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் எப்படிப் போவீர்கள்? தங்குமிடம் தருவார்கள் என்றால் போய்ப் பாருங்கள். அறையில் எத்தனை பேர், உள்ளிருந்து பூட்டலாமா, சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் வெட்டுவார்களா?

எந்தப் பிரிவில் விடுவார்கள் என்பதையும் கேளுங்கள். இரண்டு வருடம் நம்பர் கொடுக்கும் மேசையில் இருந்தால் கை பழகாது. விடுதி, சத்திரசிகிச்சைக் கூடம் என்று மாற்றி விடும் இடத்தில் ஐயாயிரம் குறைந்தாலும் போகலாம்.

கேள்வி: என்.வி.கியூ. 4 தாதியர் உதவியாளர் சான்றிதழோடு மாவட்டப் பொது வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தராக முடியுமா?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: முடியாது. அதற்குச் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் 3 வருடம் படிக்க வேண்டும். அல்லது பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் பெற வேண்டும். பயிற்சிக்கான விண்ணப்பம் வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியில், பகுதி I, பிரிவு (IIஅ)இல் வெளியாகும். உயர்தரப் பாடங்களையும் வயதெல்லையையும் அந்த அறிவித்தலிலேயே பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மாறக்கூடும். அறிவித்தல் வந்த பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் பெறுபேற்றுச் சான்றிதழுக்கும் ஓடினால் முடிவுத் திகதி போய்விடும். இன்றே எடுத்து வையுங்கள். “ஆறு மாதத்தில் தாதி, அரச வேலை நிச்சயம்” என்று ஆள் சேர்க்கும் இடங்களுக்குக் காசு கட்டாதீர்கள்.

கேள்வி: வேலை தரும் இடத்தில் சான்றிதழ்களின் மூலப் பிரதியைக் கேட்கிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தமும் உண்டு. கொடுக்கலாமா?
- வாசகி, செட்டிகுளம்

பதில்: மூலப் பிரதியைக் காட்டுங்கள், கையோடு திருப்பி வாங்குங்கள். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி அவர்களுக்குப் போதும். மூலப் பிரதி அவர்களிடம் இருந்தால் நல்ல வேலை கிடைத்தாலும் நீங்கள் அசைய முடியாது. ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாள் முன்னறிவித்தல் என்ற வரிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். தொகை எழுதாமல் வெற்றிடம் விட்டிருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்தால் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.