கவர்னர்களின் சிரிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் சிறை அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அவற்றின் நகைச்சுவையை நீங்கள் ரசித்தது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சாவியைக் கையில் வைத்திருந்தவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சிரிக்கலாம். உள்ளே கிடந்தவனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. கைதியின் பேச்சையும் அறியாமையையும் நக்கலடிக்கும் குறிப்புகளும் உண்டு. அவற்றை நான் பாதியிலேயே மூடிவைத்துவிடுவேன். எனக்குப் பிடித்தவை கவர்னர் தன்னையும் தன் துறையையும் பார்த்துச் சிரிக்கும் பக்கங்கள்.

பிரிட்டனில் சிறையின் தலைமை அதிகாரியைத்தான் கவர்னர் என்கிறார்கள். பெயர் பெரிது, அன்றாட வேலையோ சில்லறை விவகாரங்கள். கூடுதலாக ஒரு கடிதம் எழுத அனுமதி, அறை மாற்றம், வேலை மாற்றம் என்று கைதிகள் விண்ணப்பத்தோடு வருவார்கள். அப்புறம் ஒழுங்குமீறல் விசாரணை. புகார் கொடுப்பவர் அவருடைய ஊழியர், தீர்ப்பு சொல்பவர் அவர். எதிரில் நிற்கும் கைதியோ சிறை விதிகளைக் கரைத்துக் குடித்தவனாக இருப்பான். படிக்க அவனுக்குத்தானே நேரம் இருக்கிறது! இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் அசடு வழிவது கவர்னர்தான். அதை அவரே எழுதும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

துறையின் கதையே சில இடங்களில் வேடிக்கையானது. 1930களின் நடுவில் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகருக்கு அருகே நியூ ஹால் முகாம் என்ற திறந்தவெளிச் சிறை வந்தது. மதில் கிடையாது, வேலிகூட இல்லை. மரங்களில் பூசிய வெள்ளைச் சுண்ணாம்புதான் எல்லை. யார் வேண்டுமானாலும் தாண்டிப் போயிருக்கலாம். அடைத்துவைத்துக்கொண்டே ஒருவனைச் சுதந்திரத்துக்குப் பழக்க முடியாது என்று சொன்ன அலெக்சாண்டர் பேட்டர்சன் சிறை ஆணையராக இருந்த காலம் அது. அதற்கு முன்பே, 1930இல், பில் லெவலின் என்ற கவர்னர், இளம் குற்றவாளிகளை அடைத்துவைத்திருந்த ஃபெல்தமிலிருந்து ஒரு கூட்டம் பையன்களைக் கால்நடையாகவே லௌதம் கிரேஞ்ச் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். நூறு மைலுக்கு மேல். அங்கே போய் அவர்கள் தங்களுக்கான இடத்தைத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். அந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொங்குகிறது.

மதில் இருந்தால் மட்டும் என்ன? 42 ஆண்டு தண்டனை பெற்ற உளவாளி ஜார்ஜ் பிளேக் 1966 அக்டோபரில் லண்டனின் வார்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையிலிருந்து தப்பியது ஒரு கயிற்று ஏணியில். ஏணியின் படிகள், கம்பளி பின்னும் ஊசிகள். மதிலுக்கு வெளியே ஒரு சாமந்திப் பூந்தொட்டியும் கிடந்தது. துறைக்கே பெரிய தலைகுனிவு. மவுண்ட்பேட்டன் தலைமையில் விசாரணை நடந்து, தப்பினால் எவ்வளவு ஆபத்து என்பதைப் பார்த்துக் கைதிகளை ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரிக்கும் முறை வந்தது. இந்த நிகழ்ச்சியில் நகைப்புக்கு ஆளானது அடைத்துவைத்த அமைப்பு.

இன்னொரு கவர்னரைச் சொல்லாமல் விட முடியாது. அதே வார்ம்வுட் ஸ்க்ரப்ஸின் ஜான் மெக்கார்த்தி 1981இல், பதவியில் இருக்கும்போதே, டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தான் ஒரு பெரிய தண்டனைக் குப்பைத்தொட்டியின் மேலாளராக இருப்பதாகச் சொன்னார். கசப்பும் கிண்டலும் சேர்ந்த அந்த ஒரு வரியில், நெரிசலில் கிடந்த கைதிகளுக்காகத் தன் வேலையையே பணயம் வைத்திருக்கிறார்.

தூக்குத் தண்டனை 1964 வரை நிறைவேற்றப்பட்டது. சட்டப்படி கவர்னர் கூடவே நின்றாக வேண்டும். அதைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதைகூட நான் வாசித்ததில்லை.

ஒரு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஒருவருக்காகக் கட்டிய அறையில் மூன்று பேர், இரவெல்லாம் ஒரே வாளி, விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டுவதற்கு வரிசை. அந்த நாற்றத்தைச் சொல்லிச் சிரிக்கும் கவர்னர்களை நானும் மன்னிப்பதில்லை. அவர்கள் மாலையில் வீட்டுக்குப் போனவர்கள். இங்கிலாந்துச் சிறைகளில் அந்த வாளி ஒழிய 1996 ஆனது. அதைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் கவர்னர்களை விட்டுவிடுங்கள், உள்ளே இருந்தவர்கள் எழுதியதை வாசியுங்கள்.