பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டது: வங்கிக்குப் போவதா, வேளாண்மை அலுவலகத்துக்கா?

இரண்டுக்கும் போவதற்கு முன், உங்கள் தந்தையின் பெயரில் எத்தனை வங்கிக் கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விவசாயிகளுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் தந்தைக்கு வந்துகொண்டிருந்த தவணை நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் ஓர் ஆண்டுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா காலமான பின் அம்மா பெயருக்குப் பட்டா மாறிய மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலத்துக்கு, திட்டம் தொடங்கிய 2019 முதல் நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு தவணை வரவில்லை. வங்கியில் கேட்டால் வேளாண்மை அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அங்கே போனால், நில ஆவணம் சரியாகத்தான் இருக்கிறது, இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடித்தீர்களா என்றார்கள். இ-சேவை மையத்தில் கைரேகை வைத்து அதையும் முடித்த பிறகும், அடுத்த தவணை நாளன்று பக்கத்து வீட்டாரின் கைபேசிக்கு மட்டும்தான் செய்தி வந்தது. இப்படியே நான்கு தவணைகள் போயின.

கடைசியில் இ-சேவை மையத்திலிருந்த பெண்தான் ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பைத் திறந்து பார்த்து, "அக்கா, இது வேற பேங்க் பேரால்ல காட்டுது" என்றார். இந்தப் பணம் இப்போது கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குப் போய்விடுகிறது. மகளிர் குழுக் கடனுக்காக நகரத்தில் ஒரு தனியார் வங்கியில் அம்மா தொடங்கி, மறந்தே போன கணக்கு அது. அதன் பாஸ்புக், அப்பாவின் பழைய தீர்வை ரசீதுகளோடு மஞ்சள் பைக்குள் கிடந்தது. எடுத்துப் போய்ப் பதிந்தோம். நான்கு முறை 2,000 வரவாகியிருந்தது. இடையிடையே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஒரு பிடித்தம், குறுஞ்செய்திக்கு ஒரு பிடித்தம் என்று அரித்தது போக 6,746 ரூபாய் மிச்சமிருந்தது. உழவுக்கென்று வந்த பணத்தில் இருப்பு இல்லாத குற்றத்துக்கு அபராதம் பிடிப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஓசிப் பணத்துக்கு இவ்வளவு பேச்சா என்று இங்கே சிலர் கேட்கக்கூடும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் எங்கள் பக்கம் ஒரு ஏக்கர் நடவுக்கும் களைக்கும் காணாது என்பது ஒருபுறமிருக்க, சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலில் நுழைத்து ஏறத்தாழ 110 கோடி ரூபாய் கைமாறியது அம்பலமான பிறகு, கெடுபிடி வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கெடுபிடி பட்டாவைத்தான் பார்க்கிறது, வயலில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. மூன்று மா போக, கோயில் நிலம் ஏழு மாவைத் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். அதற்கு இத்திட்டத்தில் ஒரு பைசாவும் கிடையாது. 2019 பிப்ரவரி 1ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்தான் விவசாயி, அதற்குப் பின் மாறியதென்றால் வாரிசுரிமையாக வந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒடிசா மாநில அரசின் காலியா என்ற விவசாயி உதவித் திட்டத்தில் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நடக்காத காரியமொன்றும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிஎம் கிசான் தளத்தில் தந்தையின் பதிவு எண்ணை இட்டு நிலையைப் பாருங்கள். நில விவரத்துக்கு நேரே 'இல்லை' என்றிருந்தால் மட்டும் சிட்டாவோடு வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். நில விவரம், இ-கேஒய்சி, ஆதார்-வங்கி இணைப்பு மூன்றும் 'ஆம்' என்றிருந்து பணம் மட்டும் காணவில்லை என்றால், பழைய பாஸ்புக்குகளைத் தேடுங்கள். எந்தக் கணக்கில் பணம் வர வேண்டுமோ அந்த வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்தால் போதும், பழைய இணைப்பு தானாக மாறிவிடும். அம்மாவுக்கு அடுத்த தவணை ஊர் வங்கிக்கே வந்தது.