டிராகனின் உடம்பு: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கொமோடோ டிராகன் என்ற பெரிய உடும்பைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த உடும்பை விட்டுவிட்டு, கதைகளில் வரும் நெருப்பு கக்கும் டிராகனைப் பிடித்துக்கொண்டன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். விலங்கியல் பாடம் நடத்திய காலத்தில், இல்லாத ஒரு விலங்கைக் கரும்பலகையில் வரைந்து, “இதுக்கு எலும்பை எங்கே வைப்பது?” என்று கேட்டால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். டிராகனைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தால் வௌவால், ஓணான், வண்டு, கடற்பறவை எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

*கற்பனை நாவல் ஒன்று எழுதுகிறேன். என் டிராகனுக்கு நான்கு கால், இரண்டு இறக்கை. “முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் ஆறு உறுப்பு கிடையாது, முன்னங்கால்களை எடுத்துவிடு” என்கிறார் நண்பர். எடுக்கத்தான் வேண்டுமா?*
– ஒரு வாசகர், காரைக்குடி

நண்பர் சொல்வது பாடப்புத்தகப்படி சரி. வௌவாலின் இறக்கை அதன் கை. விரல்கள் நீண்டு, இடையில் தோல் விரிந்திருக்கிறது. பறவைக்கும் அது கைதான். டைனோசர் காலத்து டெரோசார்கள் நான்காவது விரல் ஒன்றை மட்டும் நீட்டி அதில் தோலைக் கட்டிக்கொண்டன. முதுகெலும்பிகள் மூன்று முறை தனித்தனியாகச் சிறகடிக்கக் கற்றன. மூன்று முறையும் முன்னங்காலைக் கொடுத்துத்தான் இறக்கை வாங்கின.

ஆனால் எடுப்பதற்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பறக்கும் ஓணானைப் பாருங்கள். அறிவியலில் அதன் இனப்பெயரே டிராகோ. வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பாக்கு மரத்தில் ஒட்டியிருந்தால் பட்டைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆண் ஓணானாக இருந்தால் தொண்டைக்குக் கீழே ஒரு மஞ்சள் நாக்கு போன்ற தோல் திடீரென்று நீளும், மடங்கும், மறுபடி நீளும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாவும். விலாவிலிருந்து இரண்டு பக்கமும் தோல் விரியும், அடுத்த மரத்தை நோக்கிச் சரிந்து போகும், அடிமரத்தை நெருங்கும்போது உடலை மேல்நோக்கித் தூக்கி வேகத்தைக் குறைத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எறும்பு பொறுக்கிக்கொண்டே மேலே ஏறும்.

அந்தத் தோலைத் தாங்குபவை கால்களோ விரல்களோ அல்ல, நீண்டு வளர்ந்த விலா எலும்புகள். நான்கு கால்களும் அப்படியே இருக்கின்றன. இன்னொரு அழகும் உண்டு: தாவியதும் அது முன்னங்கைகளைப் பின்னுக்கு மடக்கி, விரிந்த தோலின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. இந்தியப் பறக்கும் ஓணானைக் கவனித்து 2017-ல் வெளியான ஆய்வுதான் இதை விளக்கியது. அத்தனை காலம் மனிதர்கள் பார்த்த விலங்கில் இப்படி ஒன்று மீதமிருந்திருக்கிறது!

ஆக, கால்களை எடுக்க வேண்டாம், இறக்கையை விலாவில் வையுங்கள். அதற்கு ஒரு விலை உண்டு. ஓணான், பல்லி வகைகள் விலா எலும்புகளை அசைத்துத்தான் மூச்சு விடுகின்றன. அதே எலும்பால் சிறகும் அடிக்க முடியாது. உங்கள் டிராகன் தரையிலிருந்து எழும்பாது. செங்குத்துப் பாறையில் நகம் பதித்து ஏறி, உச்சியிலிருந்து சரிந்து பாயும். கோட்டையைத் தாக்க வரும் டிராகன் முதலில் பக்கத்து மலையில் மூச்சிரைக்க ஏறியாக வேண்டும் என்றால், கோட்டைக்காரர்களுக்குத் தயாராக நேரம் கிடைக்கிறது. கதைக்கு அது நல்லதுதானே?

*டிராகன் யானை அளவுக்கு இருந்தால் பறக்குமா? எங்கள் வகுப்பில் இதில் பெரிய சண்டை.*
– 9-ஆம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

நம் பூமியில் பறக்காது. காரணத்தை நீயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்கு ஆகும். எடையோ எட்டு மடங்கு ஆகிவிடும். ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் முன்பு தூக்கியதைப் போல இரண்டு மடங்கு சுமக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்து பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று கெட்ஸல்கோட்லஸ் என்ற டெரோசார். 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் அதன் எலும்பு கிடைத்தது. இறக்கை விரிவு 10 மீட்டருக்கு மேல், நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். ஆனாலும் எடை 200 முதல் 250 கிலோ என்றுதான் பலர் கணிக்கிறார்கள், ஏனென்றால் எலும்புகள் உள்ளே காற்று நிறைந்த கூடாகவும் சுவர் மெல்லியதாகவும் இருந்தன. இதை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 2,000 கிலோ. வளர்ந்த ஆண் யானையோ அதைப்போல இரண்டு பங்கு. 250 கிலோ டிராகன் மேல் 60 கிலோ வீரன் ஏறினாலே அதன் எடையில் கால் பங்கு கூடிவிடுகிறது. டிராகன் மேல் சவாரி செய்ய உன் வகுப்பிலேயே ஒல்லியானவரை அனுப்பு.

உலகத்தை மாற்றலாமே என்று உன் நண்பர்கள் கேட்பார்கள். மாற்றலாம். சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. காற்றின் அடர்த்தியோ நான்கு மடங்குக்கும் மேல். அங்கே கையில் இறக்கை கட்டிக்கொண்டு மனிதர்களே பறந்துவிடலாம். யானை டிராகனுக்கு நல்ல இடம்தான். மீத்தேன் மழை வேறு பெய்கிறது. ஆனால் காற்றில் ஆக்ஸிஜன் இல்லை, அதனால் நெருப்பு பற்றாது. கதை எழுதுபவர் பெரிய உடம்பையும் நெருப்பையும் சேர்த்துக் கேட்டால் அடர்த்தியான காற்று, குறைந்த ஈர்ப்பு, போதுமான ஆக்ஸிஜன் மூன்றையும் ஒரே உலகத்தில் வைக்க வேண்டும். ஆக்ஸிஜனை ரொம்பவும் ஏற்றிவிட்டால் ஈரக்காடுகூட ஒரு மின்னலில் எரிந்துபோகும். டிராகனுக்கு வேலையே இருக்காது.

*தீப்பெட்டித் தொழிலில் இருக்கிறேன். எரிபொருள், பற்றவைப்பது, கை சுடாமல் பார்த்துக்கொள்வது மூன்றும் எங்களுக்குத் தினசரி வேலை. டிராகன் இந்த மூன்றையும் எப்படிச் செய்யும்?*
– ஒரு வாசகர், சிவகாசி

இந்த வருடம் எனக்கு வந்த மிகச் சிறந்த கேள்வி இதுதான். நீங்கள் பிரித்த மாதிரியே மூன்றாகப் பார்ப்போம்.

எரிபொருள் என்றதும் எல்லோரும் வயிற்று வாயுவைச் சொல்வார்கள். ஒரு பசு நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேனை ஏப்பமாக விடுகிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்த முழுநாள் வாயுவிலும் இருக்கும் ஆற்றல் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம். ஒரு வைக்கோல் போரைக் கொளுத்தலாம், ஊரைக் கொளுத்த முடியாது. வாயுவைச் சேர்த்து வைக்கப் பெரிய பையும் வேண்டும்.

எண்ணெய்தான் சரி. வட அட்லாண்டிக் கடலோரப் பாறைகளில் ஃபுல்மார் என்ற கடற்பறவை கூடு கட்டுகிறது. தான் தின்னும் மீன் முதலான கடலுயிர்களின் கொழுப்பை இரைப்பையின் முன்பகுதியில் எண்ணெயாகத் தேக்கி வைக்கும். யாராவது கூட்டை நெருங்கினால், பறக்கத் தெரியாத குஞ்சுகூட ஆரஞ்சு நிறத்தில் நாற்றமடிக்கும் அந்த எண்ணெயைக் குறி பார்த்துத் துப்பும். இறகில் பட்ட பருந்து போன்ற பறவைகளுக்கு இறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமலே போகலாம். கிராமுக்குக் கிராம் பார்த்தால் அந்த எண்ணெயின் ஆற்றல் டீசலைவிடச் சற்றுதான் குறைவு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவில் வாழ்ந்தவர்கள், 1930-ல் தீவைக் காலி செய்து போகும்வரை, ஃபுல்மாரைப் பிடித்துத் தின்றார்கள். அதன் எண்ணெயில் விளக்கும் எரித்தார்கள். எரிபொருளைத் துப்பும் விலங்கு உண்மையிலேயே இருக்கிறது. தீக்குச்சி மட்டும்தான் பாக்கி.

அந்தத் தீக்குச்சிக்கு உங்கள் தொழிலையே பார்க்கலாம். குச்சியின் தலையில் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசும்வரை ஆபத்தில்லை. பாம்பார்டியர் வண்டு இதையே உடம்புக்குள் செய்கிறது. ஓர் அறையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் இருக்கும். தடித்த சுவருள்ள இன்னோர் அறையில் நொதிகள் காத்திருக்கும். ஆபத்து வந்தால் முதல் அறையின் திரவத்தை இரண்டாவதற்குள் விடும். கலவை கொதித்து, ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் வால்முனையிலிருந்து பீய்ச்சும். ஒரே தாரையாக வராது, நொடிக்குச் சுமார் 500 துடிப்புகளாக வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே குளிர்ந்த திரவம் உள்ளே வருவதால் வண்டு வெந்துபோவதில்லை. கை சுடாமல் பார்த்துக்கொள்வது என்றீர்களே, அதற்கு இயற்கையின் விடை இது. ஜப்பானில் தேரைகள் விழுங்கிய வண்டுகளை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கவனித்தது: 43 சதவீதத் தேரைகள் வண்டைக் கக்கிவிட்டன. சில ஒரு மணி நேரத்துக்கும் மேல் வயிற்றில் வைத்திருந்து கக்கின. வெளியே வந்த வண்டுகள் உயிரோடு நடந்து போயின.

கொதிநீர் சூட்டில் எண்ணெய் பற்றாது. பற்றவைக்க, காற்றுப் பட்டதும் தானே எரியும் ஒன்று வேண்டும். வெண் பாஸ்பரஸ் 30 டிகிரிக்குப் பக்கத்திலேயே பற்றிக்கொள்ளும். எலும்பிலும் பல்லிலும் பாஸ்பரஸ் ஏராளம், ஆனால் பாஸ்பேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறந்து வெண் பாஸ்பரஸ் செய்யும் விலங்கு எதுவும் கிடையாது. கற்பனைக்கு நான் இடம் விடுவது இந்த ஒரு படியில் மட்டும்தான். பல் அடியில் ஒரு சுரப்பி வையுங்கள். எண்ணெய்த் தாரை வாயைத் தாண்டும்போது அதில் ஒரு துளி சேரட்டும். நெருப்பு வாய்க்கு வெளியேதான் பிறக்கும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது பாருங்கள். இத்தனை எண்ணெய்க்கு மீன் வேண்டும், திமிங்கிலம் வேண்டும். எலும்பைக் கரைத்து இழக்கும் பாஸ்பரஸை ஈடுகட்ட முள்ளும் எலும்பும் தின்ன வேண்டும். 20 லிட்டர் துப்பினால் அடுத்த வேட்டை வரை நெருப்பில்லை. உங்கள் டிராகன் மலைக்குகையில் இருக்காது, கடலோரப் பாறையில்தான் இருக்கும். பக்கத்தில் போனால் மீன் நாற்றம் அடிக்கும்.

*கடைசி டிராகன் ஒன்று மட்டும் மிஞ்சினால் இனம் அழிந்ததுதானா?*
– ஒரு வாசகி, திருநெல்வேலி

மிஞ்சியது பெண்ணாக இருந்தால் நம்பிக்கை உண்டு. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குப் பூங்காவில் ஃப்ளோரா என்ற கொமோடோ டிராகன் ஆணோடு சேராமலே முட்டையிட்டது. கருவுக்குத் தந்தை இல்லை என்பதை 2006-ல் மரபணுச் சோதனை உறுதி செய்தது. இவ்வாறு பிறப்பவை எல்லாம் ஆண்கள். கொமோடோவில் பெண்ணிடம்தான் இரண்டு வகைப் பாலினக் குரோமோசோம் இருக்கிறது. தனியாகக் கருவுறும்போது ஒரே வகை இரட்டிப்பாகிறது, ஒரு வகை இரட்டித்தால் ஆண், மற்றது இரட்டித்தால் கரு தங்காது. ஆக, கடைசித் தாய் மகன்களைத்தான் பெறுவாள். அடுத்த தலைமுறை அந்த மகன்களோடு அவள் சேர்ந்தால்தான். நாவலாசிரியர் யாராவது இதை எழுதத் துணிந்தால் முதல் வாசகன் நான்தான்.

குஞ்சு எவ்வளவு பெரிது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முட்டை பெரிதாக ஆக ஓடு தடிக்க வேண்டும், தடித்தால் உள்ளே காற்றுப் போகாது. மடகாஸ்கரில் வாழ்ந்து அழிந்த யானைப் பறவையின் முட்டை 8 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்கு ரொம்ப மேலே போக முடியாது. ஆகவே எவ்வளவு பெரிய டிராகனும் கைக்குழந்தை எடையில்தான் பிறக்கும். கொமோடோ குட்டிகள் முதல் சில ஆண்டுகள் மரத்திலேயே வாழ்கின்றன. கீழே இறங்கினால் பெரிய கொமோடோக்களே தின்றுவிடும். உடம்பு கனத்து மரம் ஏற முடியாமல் போகும்போதுதான் தரைக்கு வரும்.

*யாளியும் டிராகனும் ஒன்றா?*
– ஒரு வாசகர், கும்பகோணம்

இல்லை. யாளிக்குச் சிங்க உடல், சிலவற்றுக்கு யானைத் துதிக்கை. அது பாலூட்டிகளின் சேர்க்கை. நம் கோயில் சிற்பங்களில் டிராகனுக்குக் கொஞ்சமாவது கிட்டே வருவது மகரம். அதில் முதலை இருக்கிறது.

*உலகம் முழுக்க டிராகன் கதை எப்படி வந்தது?*
– ஒரு வாசகி, புதுச்சேரி

ஒரே காரணம் கிடையாது. ஆனால் மண்ணுக்கடியில் கிடைத்த எலும்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட் நகரில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய டிராகன் சிலை நிற்கிறது. அதன் தலைக்கு மாதிரியாக இருந்தது, அந்தப் பக்கத்தில் கண்டெடுத்த ஒரு மண்டையோடு. அது பனியுகத்துக் கம்பளி காண்டாமிருகத்தின் மண்டையோடு! சீன மருந்துக் கடைகளில் டிராகன் பல், டிராகன் எலும்பு என்று விற்றவையும் புதைபடிவங்களே. ஹாங்காங்கில் 1935-ல் அப்படி ஒரு கடையில் வாங்கிய பல்லிலிருந்துதான் ஜைஜான்டோபிதெகஸ் என்ற ராட்சதக் குரங்கை அறிவியல் உலகம் அறிந்தது. அந்தக் கடைக்காரர்கள் கண்ணெதிரே இருந்ததற்கு அவரவர் அறிந்தபடி ஓர் உடம்பைக் கொடுத்தார்கள். மதிக்க வேண்டிய முயற்சி அது.

*டிராகன் எப்போதும் கொடூரமாகத்தான் இருக்க வேண்டுமா? என் மகனுக்குச் சொல்லும் கதையில் அது நல்லதாக இருக்க ஆசை.*
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாக இருக்கட்டும். ஊர்வனவற்றுக்கு விளையாடத் தெரியாது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். வாஷிங்டன் தேசிய விலங்குப் பூங்காவில் கிராக்கன் என்ற பெண் கொமோடோவை ஆய்வாளர்கள் படம்பிடித்துப் பார்த்தார்கள். அது பராமரிப்பாளரின் சட்டைப்பையிலிருந்து பொருளை மெல்ல உருவும், ஷூவுக்குள் மூக்கை விடும், ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு மறுமுனையை அவர் இழுக்க இழுக்கப் போட்டி போடும். ஆடு மாட்டைக் கிழிக்கும் அதே வாய்தான், அவர் கையை அது கடிக்கவில்லை. உங்கள் மகன் கதையில் டிராகன் அப்பாவின் பையிலிருந்து பேனாவைத் திருடட்டும். திருப்பித் தரச் சொன்னால் இழுத்துப் பிடித்து அடம்பிடிக்கட்டும்.