மண்ணுக்குத் தையல்: கேள்வி பதில்

தையல் படித்துவிட்டு மண் வேலைக்கு வந்தவள் நான். டேப்பும், துணியில் புள்ளிக்கோடு போடும் பற்சக்கரமான டிரேசிங் வீலும் இன்னும் என் மேசையில்தான் கிடக்கின்றன, மண் அப்பிக்கொண்டு. துணியின் சாயலில் கையால் செராமிக் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: மண் தகட்டின் மேல் லேஸை வைத்து உருட்டினேன். உரிக்கும்போது மண்ணும் கூடவே பிய்ந்து வருகிறது. பூவேலை பாதி இடத்தில் தெரியவேயில்லை.

மண் ஈரம். தகட்டைத் தேய்த்த உடனேயே பதிக்காதீர்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை தகட்டை விட்டுவையுங்கள். லேஸின் மேல் சோளமாவை மெல்லத் தூவிக்கொள்ளுங்கள். உருட்டுவது ஒரே திசையில், ஒரே முறை. திரும்ப உருட்டினால் பூவுக்கு நிழல் விழுந்ததுபோல இரட்டைத் தடம் வரும். உரிக்கும்போது மேலே தூக்காமல், ஒரு முனையைப் பிடித்துத் துணியைத் துணியின் மேலேயே மடித்துக்கொண்டு போங்கள்.

மெஷின் லேஸ் பார்க்க அழகு, ஆனால் நூல் மெல்லிசு. மேலே கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) ஏறினால் ஒன்றும் மிஞ்சாது. குரோஷா, சணல், முறுக்கிய கயிறு இவையெல்லாம் நன்றாகப் பதியும். ஒரு கட்டையில் கயிற்றைச் சுற்றி உருட்டிப் பாருங்கள். ஜப்பானின் ஆதி மட்பாண்டங்களுக்கு ஜோமோன் என்று பெயர். அதன் பொருளே கயிற்றுத் தடம்தான். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வேலை அது. செக் நாட்டில் டோல்னி வெஸ்டோனிட்சே என்ற இடத்தில் கிடைத்த 25,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய சுடுமண் துண்டுகளில் நெசவின் தடம் இருக்கிறது. அந்தத் துணி எப்போதோ மக்கிவிட்டது. அப்படியொரு நெசவு இருந்தது என்பதே மண்ணில் பதிந்ததால்தான் தெரிகிறது.

கே: துணியையே மண் குழம்பில் முக்கிச் சுடலாமாமே? நான் செய்தது சூளைக்குள் உதிர்ந்துவிட்டது.

செய்யலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் பக்கத்துப் பீங்கான் பொம்மைகளின் பாவாடைக் கொசுவம் இப்படித்தான் வந்தது: நிஜ லேஸைப் பீங்கான் குழம்பில் நனைத்துப் பொம்மைக்கு உடுத்திச் சுட்டார்கள்.

உங்களுடையது உதிர்ந்ததற்குக் காரணம் இது: பருத்தி 500 டிகிரி செல்சியஸ் எட்டுவதற்குள் எரிந்து போய்விடும். பீங்கான் மண் இறுகுவதோ 1,200க்கு மேல். நடுவில் உள்ள நேரமெல்லாம் அந்தக் கொசுவம் பிடிமானமே இல்லாத மண் ஓடுதான். அதனால் குழம்பு நூலுக்குள் ஊறவேண்டும், மேலே பூசினால் போதாது. மெல்லிய கோட்டாக, ஒன்று காய்ந்ததும் அடுத்தது என்று மூன்று நான்கு முறை ஏற்றுங்கள். முதல் சூளை, கிளேஸ் சூளை என்று இரண்டாகப் பிரிக்காமல் ஒரே சூட்டில் முடியுங்கள். பாதி வெந்ததைக் கையில் எடுத்தால் அப்போதே போச்சு. நைலான், பாலியெஸ்டர் வேண்டாம். உருகிச் சொட்டும், புகையும் கெட்டது. பருத்தியானாலும் புகை வரும்; சூளை இருக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும்.

கே: அக்கா, தையல் கோடு, பூ, கட்டம் எல்லாம் பதித்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் கப் கப்பாகத்தான் இருக்கிறது, துணியாகத் தெரியவில்லை. எங்கே தப்பு?

நான் காத்திருந்த கேள்வி இதுதான், தம்பி. நீங்கள் துணியின் தோலை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள், வெட்டை விட்டுவிட்டீர்கள். தட்டையான துணி உடம்பின் வளைவுக்கு எப்படிப் பொருந்துகிறது? டார்ட் பிடிக்கிறோம் (முக்கோணமாக மடித்துத் தைக்கிறோம்), சுருக்கு வைக்கிறோம், துண்டு துண்டாக வெட்டி மூட்டுகிறோம். மண் தகடும் தட்டையான பொருள்தான். அதே வேலையை அதற்கும் செய்யுங்கள்.

முதலில் காகிதத்தில் பேட்டர்ன் வெட்டுங்கள். நேர் சுவர் வைத்த உருளைக்கு ஒரு செவ்வகம் போதும். அடி குறுகி வயிறு பருத்த கப் வேண்டுமென்றால், செவ்வகத்தின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு முக்கோணங்களை வெட்டி எடுங்கள். வெட்டு வாயைக் கீறி, மண் குழம்பு தடவி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து அழுத்துங்கள். அடி தானாக உள்ளே வளையும். டார்ட்டேதான். இப்போது அந்த மூட்டை வழித்து மறைக்காதீர்கள்! அதன் இரு பக்கமும் டிரேசிங் வீலை ஓட்டுங்கள். தையல் எங்கே தேவையோ அங்கே தையல் இருந்தால்தான் கண் நம்பும். மூட்டு இல்லாத வழவழப்பான சுவரின் நடுவே ஓட்டுத்தையல் போட்டால் அது வெறும் புள்ளிக்கோடு.

இன்னொன்று, கனம். துணி ஓரம் மடித்து அடிப்பதால்தான் கனமாகத் தெரிகிறது. கப்பின் வாயையும் ஒரு மடிப்பு வெளியே மடித்து அழுத்துங்கள். உதட்டுக்கும் இதமாக இருக்கும். கைப்பிடிக்குப் பட்டி வெட்டி, முனையில் ஒரு பொத்தான் வைத்தால் இழுத்துக் கட்டியதுபோல் இருக்கும். ஆனால் பொத்தான் ஒன்று போதும். ஆரம்பத்தில் நான் ஒரு கூஜாவுக்குப் பதினோரு பொத்தான் வைத்தேன். வீட்டில் எல்லாரும் அதை "தாத்தா கோட்டு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கே: குட்டித் தலையணை மாதிரி ஜாடி செய்தேன். சூளையில் வெடித்தது. உள்ளே காற்று சிக்கியதாலா?

காற்றின் மேல் பழி போடுவது வழக்கம், ஆனால் குற்றவாளி ஈரம். 100 டிகிரி தாண்டும்போது நீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். தடித்த மண்ணுக்குள் அது அடைபட்டால் சுவரைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். மூடிய வடிவத்தில் உள்பக்கம் காய்வதே இல்லை, அதுதான் சிக்கல். ஊசித்துளை ஒன்று கட்டாயம் விடுங்கள், தையலோடு தையலாக மறைந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

தலையணை உப்புவதற்கு ஒரு வழி: இரண்டு தகடுகளின் ஓரத்தை நன்றாக மூட்டி, ஒரு மூலையில் உறிஞ்சுகுழலைச் செருகி மெல்ல ஊதுங்கள். ஓரம் சுருங்கி நடு எழும்பும், பஞ்சு அடைத்ததுபோலவே.

கே: மூடி ஜாடிக்குப் பொருந்துகிறது, ஆனால் இரண்டுமே நினைத்ததைவிடச் சின்னதாகிவிட்டன.

துணியைத் தைக்குமுன் நனைத்துச் சுருக்குவோம். மண்ணுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் மண்ணில் 10 செ.மீ. கோடு கீறி, அதே சூட்டில் சுட்டு அளந்து பாருங்கள். 8.8 வந்தால் 12 சதவீதம் சுருக்கம். முடிவில் 10 வேண்டுமானால் 10ஐ 0.88ஆல் வகுத்து, 11.4க்கு வெட்ட வேண்டும். பேட்டர்னையே பெரிதாக்கிக்கொள்ளுங்கள். மூடியையும் ஜாடியையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்து, சேர்த்தே காயவிடுங்கள்.

கே: கிளேஸ் ஊற்றியதும் தையல் எல்லாம் காணாமல் போகிறது.

ஒளி ஊடுருவாத வெள்ளைக் கிளேஸ்தானே? கனமாகவும் ஊற்றியிருப்பீர்கள். இரண்டு வழி உண்டு. முதல் சூளை முடிந்த பண்டத்தில் இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, ஈரப் பஞ்சால் மேற்பரப்பைத் துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் தங்கும். அதன்மேல் தெளிந்த கிளேஸ் மெல்லிசாக. இல்லையென்றால் செலடான் என்ற இளம்பச்சைக் கிளேஸ் போன்ற, ஒளி ஊடுருவும் நிறக் கிளேஸ்: பள்ளத்தில் தேங்கும் இடம் கருத்து, மேடு வெளுத்து, தையல் தானாக எழும். வெளிப்பக்கத்தைக் கிளேஸ் இல்லாமல் விடுவதும் எனக்குப் பிடிக்கும். தொட்டால் காடாத்துணி மாதிரி இருக்கும்.

கே: கட்டம் போட்ட துணிபோல நிறம் மண்ணுக்குள்ளேயே ஓட வேண்டும். வண்ணம் தீட்டப் பிடிக்கவில்லை.

ஜப்பானியர்கள் நெரிகோமி என்பார்கள். ஒரே வெள்ளை மண்ணைப் பிரித்து, செராமிக் ஸ்டெயின் என்ற நிறப்பொடியை 5 முதல் 10 சதவீதம்வரை பிசைந்து நிறமாக்கி, பட்டைகளாக வெட்டி அடுக்கி ஒட்டி, குறுக்கே சீவினால் கட்டம். வெவ்வேறு மண்ணைக் கலந்தீர்களோ, சுருக்கம் வேறுபட்டு மூட்டு மூட்டாக விரியும். ஒரே ஈரப்பதத்தில் சேர்த்து, பிளாஸ்டிக்கில் சுற்றி நாள் கணக்கில் மெதுவாகக் காயவையுங்கள். காய்ந்தபின் மேலே சுரண்டிவிட்டால் நிறங்களின் ஓரம் கூர்மையாகும்.

நூல்போல மெல்லிய கோடுதான் வேண்டுமென்றால், பாதி காய்ந்த மண்ணில் கீறி, வேறு நிறக் குழம்பை அடைத்து, காய்ந்ததும் வழித்துவிடுங்கள். கொரியாவில் 12ஆம் நூற்றாண்டுச் செலடான் பாண்டங்களில் கொக்குகள் பறப்பது இந்த முறையில்தான்.

கே: சமையலறையில் கேக் சுடும் அவனில் மண்ணைச் சுடலாமா?

முடியாது. அது 250 டிகிரி வரைதான் ஏறும். மண் திரும்பக் கரையாத பொருளாக மாறவே 600 பக்கம் போகவேண்டும்.

கே: உள்ளேயும் பின்னல் வேலை பதித்த கிண்ணத்தில் சாப்பிடலாமா?

அலங்காரத்துக்கு வையுங்கள். பள்ளத்தில் எச்சில் தங்கும், தேய்த்தாலும் போகாது. விளையாட்டெல்லாம் வெளியே, உள்ளே வழவழப்பு, சாப்பாட்டுக்கு ஏற்றது என்று குறித்த கிளேஸ்.

கே: "இது என்ன பொம்மை மாதிரி" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கவைப்பது கலையா, கேலிக்கூத்தா?

மெரெட் ஓப்பன்ஹைம் என்ற கலைஞர் 1936இல் கடையில் வாங்கிய ஒரு கப், சாசர், ஸ்பூன் மூன்றுக்கும் விலங்கு ரோமம் போர்த்தினார். அது இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தவுடன் சிரிப்பு வரும், அடுத்த நொடி நாக்கில் மயிர் பட்டதுபோல் கூசும். நீங்கள் செய்வது அதைத் தலைகீழாக்கியது: மெத்தென்று தெரியும், தொட்டால் கல். சிரித்தவர் கை நீட்டி அமுக்கிப் பார்த்தாரா என்று மட்டும் கவனியுங்கள். என் தலையணை ஜாடியை அமுக்காமல் போனவர் இதுவரை யாரும் இல்லை. அதனாலேயே அதன் மூலையில் ஒரு சில்லு போயிருக்கிறது.