கூடப் படித்தவர்களின் ஸ்டோரி

அன்புள்ள அக்கா,

தூத்துக்குடியில் இருக்கிறேன், 29 வயது. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகச் சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே குறைந்த சம்பளத்தில் இருக்கிறேன். ராத்திரி இன்ஸ்டாகிராமைத் திறந்தால் கூடப் படித்தவன் டல்லாஸில் கார் வாங்கியிருக்கிறான், இன்னொருத்தி ஓஎம்ஆரில் கிரகப்பிரவேசம் வைக்கிறாள். ஹார்ட் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிறேன். நண்பர்கள் நன்றாக இருந்தால் வயிறு எரிகிற ஆளாகிவிட்டேனா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

இல்லவே இல்லை. அம்பானி வீட்டுக் கல்யாணப் படங்களையும் பார்த்திருப்பீர்கள், அதனால் உங்கள் தூக்கம் போயிருக்காது. மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை அளந்து பார்க்கிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதினார். ஒரே ஹாஸ்டல், ஒரே அரியர், ஒரே கேம்பஸ் இன்டர்வியூ, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

ஃபேஸ்புக் 2004-இல் ஹார்வர்டில் தொடங்கி, அப்புறம் ஒவ்வொரு கல்லூரியாகத்தான் திறந்துவிடப்பட்டது. எந்தக் கல்லூரிக்கு எப்போது வந்தது என்பதையும் அதே காலத்தில் மாணவர்களிடம் எடுத்த மனநலக் கணக்கெடுப்பையும் சேர்த்துவைத்துப் பார்த்த மூன்று பொருளியல் ஆய்வாளர்கள், அது வந்த இடங்களில் மனச்சோர்வு கூடியதாக 2022-இல் எழுதினார்கள். காரணமாக அவர்கள் காட்டியதும் இந்த ஒப்பீட்டைத்தான். அதில் எனக்கு மனதில் தைத்த விஷயம், வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம் என்பது. பார்ட்டிக்குப் போனவனுக்கு அங்கே நடந்த சண்டையும் சலிப்பும் தெரியும், போகாதவனுக்குப் படம் மட்டும்தானே வந்து சேர்கிறது.

நீங்களும் இப்போது வெளியே தங்கியிருப்பவர்தான். டல்லாஸ்காரருக்கு விசா கவலை இருக்கும், ஓஎம்ஆர் வீட்டுக்கு இஎம்ஐ இருக்கும் என்றெல்லாம் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை, அதுவும் ஒப்பீடுதான்.

ஆப்பை அழிக்கச் சொல்லமாட்டேன், நாலு நாளில் திரும்ப ஏற்றிவிடுவீர்கள். உறுத்துகிற அந்த ஏழெட்டுப் பேரை மட்டும் மியூட் செய்யுங்கள். ஸ்டோரி வட்டத்தை அழுத்திப் பிடித்தால் வரும், அவர்களுக்குத் தெரியாது, இதில் துரோகம் ஒன்றும் கிடையாது. அப்புறம், அவர்களில் நெருக்கமான ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போடுங்கள். நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடாமல், டயாலிசிஸ் சென்டர் நாற்காலியில் நாலு மணி நேரம் காத்திருப்பது எப்படி இருக்கிறது, அப்பா வீடு திரும்பியதும் எப்படித் துவண்டு படுக்கிறார் என்று சொல்லுங்கள். அவர்களுக்கும் உங்கள் வாழ்க்கை தெரியாது, உங்களிடமிருந்து போவதும் ஹார்ட் மட்டும்தானே.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். இந்தத் தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் போனால், சாப்பாடும் இறங்காமல் போனால், எல்லாம் இன்ஸ்டாகிராமால்தான் என்று விட்டுவிடாதீர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் களைப்பும் இதில் கலந்திருக்கும். 14416, டெலி மானஸ், அரசின் இலவச மனநல ஆலோசனை எண். தமிழிலேயே பேசலாம். அப்பா தூங்கிய பிறகு கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அன்புடன்,
அக்கா