பதில்: யோபு 40-இல் வருவது டைனோசரா?

சகோதரி, பைபிளின் யோபு புத்தகம் 40-ஆம் அதிகாரத்தில் பிகெமோத் என்ற பெரிய மிருகத்துக்குக் கேதுரு மரம்போன்ற வால் என்று இருப்பதை வைத்து, உங்கள் மகன் அதை டைனோசர் என்கிறான். நல்ல கேள்விதான், பலர் சொல்லும் நீர்யானைக்கோ குட்டை வால்! ஆனால் அதே அதிகாரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள்: மாட்டைப்போல் புல் தின்னும், நாணலுக்குள் சேற்றில் படுத்துக்கிடக்கும், ஆறு பெருகினாலும் பதறாது. இது நீர்யானைக்கே அதிகம் பொருந்துகிறது. வாலைக் கவிதை மிகையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். பிகெமோத் என்பதே 'மிருகம்' என்ற எபிரெயச் சொல்லின் பன்மை வடிவம்.

அடுத்த அதிகாரத்தில் வரும் லிவியாதான் என்ற நீர்வாழ் பயங்கர மிருகம் வேறு கதை. சங்கீதம் 74 அதற்குப் பல தலைகள் என்கிறது. சிரியாவிலிருந்த பழங்கால நகரமான உகாரித்தின் களிமண் பலகைகளிலும் ஏழு தலைப் பாம்பொன்று உண்டு.

டைனோசர்கள் அழிந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அவற்றை எந்த மனிதனும் பார்த்ததில்லை. 'டைனோசர்' என்ற பெயரே 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் வைத்ததுதான்.